வெறும் தேநீரின் நிறம்

ஏப்ரல் மாத யாங்கோனில், பனிக்கால ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு குளிரில் நடுங்கியவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஷ்வேப்யிதாவில் நான் வேலை பார்க்கும் தையல் ஆலையில், பனி பெய்யும் நாடுகளுக்கான தடித்த ஜாக்கெட்டுகளைத் தைக்கிறோம். உள்ளே அடைக்கும் பஞ்சு காற்றில் பறந்துவிடும் என்பதால் எங்கள் வரிசையில் மின்விசிறி ஓடாது. அன்று எல்லோருடைய முதுகிலும் வியர்வை வழிந்துகொண்டிருக்க, நான் மட்டும் தைத்து முடித்த ஜாக்கெட் ஒன்றை மேசையிலிருந்து எடுத்து அணிந்தேன். அப்படியும் பற்கள் கிடுகிடுத்தன. எங்கள் வரிசையின் மேற்பார்வையாளர் டோ கின் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். வயதில் மூத்த பெண்களை இங்கே டோ சேர்த்தும், இளையவர்களை மா சேர்த்தும்தான் அழைப்போம். ஆலையில் பேச்செல்லாம் பர்மிய மொழியில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

“மா எஸ்தர்! என்ன கூத்து இது? ஏற்றுமதிக்குப் போற உருப்படி. கழட்டு!”

கழற்றுவதற்காக அவரே பக்கத்தில் வந்தார். கை என் கழுத்தில் பட்டதும் சட்டென்று விலகியது. பிறகு, திறந்த ஜிப்பை அவரே மறுபடி மேலே இழுத்துவிட்டார்.

“போட்டுக்கோ. அப்படியே உட்காரு.”

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்கு வந்த நோய் அபூர்வமானதல்ல. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் அதன் முதற்படியில் நின்றுகொண்டிருக்கிறார்கள். முதுகுவலி என்று சொல்லி மாத்திரை விழுங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு, அல்லது யாராவது படித்துக் காட்டக் கேட்டுவிட்டு, எழுந்து போய் ஒரு குவளை தண்ணீர் குடித்தால் எனக்குப் போதும்.

நான் தொலைநிலைக் கல்வியில் பொருளியல் பட்டம் பெற்றவள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி ஆலையில் சேர்ந்தேன்; அந்த ‘வரை’ நான்கு ஆண்டுகளாக நீண்டுவிட்டது. நாற்பது பெண்கள் தைக்கும் வரிசையில் நான் குறிப்பெழுதுபவள். எத்தனை கை பொருத்தியாயிற்று, எத்தனை கழுத்து பிரித்துத் தைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருப்பேன். படித்தவள் என்பதால் தகராறுகளும் என்னிடம் தீர்ப்புக்கு வரும்.

அவற்றில் பெரிய தகராறு கழிப்பறைக்குப் போவதைப் பற்றியது. முன்பெல்லாம் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். டோ கின்னின் மனநிலை நன்றாக இருந்தால் போகலாம். இலக்கு பிந்தியிருந்தால் வசவுதான். வளர்ந்த பெண் ஒருத்தி நாற்பது பேர் நடுவில் கையைத் தூக்கி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு திட்டம் வகுத்தேன். சிவப்புக் கயிறு கட்டிய ஒரு மரக்கட்டை ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போகிறவள் யாரிடமும் கேட்க வேண்டாம்; நோட்டில் பெயருக்கு நேரே நேரத்தைக் குறித்தால் போதும். நாற்பது பேர், ஆளுக்கு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு ஆறு நிமிடம். பெருக்கிப் பார்த்தால் எட்டு மணி நேரம், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் நிரம்பியது. அந்த விடை வந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

திட்டம் நடைமுறைக்கு வந்தது. வசவு நின்றது. மாதவிலக்கு நாட்களில் ஒருத்திக்குக் கூடுதல் முறை தேவைப்பட்டால் இன்னொருத்தி தன் முறையை விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுப்பதற்காகவே சிலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். அதைக் கண்டபோது அவர்களுடைய நல்ல மனத்தை மெச்சினேனே தவிர, என்ன நடக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. நாற்பத்தொன்றாவது ஆளான எனக்கு அந்த எட்டு மணி நேரத்தில் இடமே இல்லை என்பதும் தெரியும். கணக்கு அழகாக இருந்தது. என்னைச் சேர்த்தால் குலைந்துவிடும். நான் சமாளித்துக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். ஃபெரி என்று நாங்கள் சொல்லும் ஆலைப் பேருந்தில் காலையில் ஏறும் முன்பு கழிப்பறைக்குப் போவேன். அடுத்து மாலையில் வீடு திரும்பித்தான். இடையில் தொண்டை நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர்.

இடுப்புக்கு மேலே வலப்பக்கம் வலி தொடங்கியபோது, மற்றவர்களைப் போல நானும் கடையில் பல நிற மாத்திரைகளைக் கலந்து மடித்துத் தரும் பொட்டலத்தை வாங்கி விழுங்கினேன். வலி அடங்கும், இரண்டு நாளில் திரும்பி வரும். ஜாக்கெட் அணிந்து நடுங்கிய நாள் வரை இது இரண்டு மாதம் நடந்தது.

அன்று ஆலையின் வண்டியில் என்னை நகரத்துப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஃபாத்திமா ராத்தா வந்தார். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து இங்கே வணிகத்துக்கு வந்தவர்கள். அக்காவை அவர்கள் ராத்தா என்பதால் எங்கள் வரிசை முழுவதற்கும் அவர் ராத்தாதான். பர்மியப் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வழி நெடுகத் தம் முந்தானையால் எனக்கு விசிறுவதா, போர்த்துவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தார்.

“புள்ளே, இந்த வேக்காட்டுல பனிச் சட்டையும் நீயுமா! பாக்குறவன் பனி நாட்டுக்கு விசா வந்துடுச்சுன்னு நெனப்பான்.”

எங்கள் வீடு இருக்கும் போட்டாதாங்கிலிருந்து அப்பாவும், கியாக்டடாவில் கைபேசிக் கடையில் வேலை பார்க்கும் என் தங்கை ரூத்தும் வந்து சேர்ந்தார்கள். தாழ்வாரத்தில் நெடுநேரம் காத்திருந்தோம். அங்கே காத்திருப்பது தனி வாழ்க்கை. பாய் விரித்தவர்கள், தூக்குச் சட்டியைத் திறந்து அடுத்தவருக்கும் நீட்டுபவர்கள், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் புரிந்தது போலத் தலையாட்டுபவர்கள். முன்பின் அறியாத ஒரு பர்மிய அம்மாள் என் தலைக்குத் தம் கைப்பையைத் தலையணையாக வைத்தார். எழுந்து போகும் நேரம் வந்தபோது, நான் கண் அயர்ந்திருந்ததால், பையைக் கேட்காமல் அதிலிருந்த பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டு போனாராம். பை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஸ்கேன் பார்த்தார்கள். என்னை ஏற்றுக்கொண்ட மருத்துவர் இளம் பெண். மருத்துவரையும் ஆசிரியரையும் இங்கே ஒரே சொல்லால், பெண்ணானால் சயாமா என்று அழைப்போம். அவர் ஆசிரியரைப் போலவே ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரை இறக்கும் மெல்லிய குழாயில் ஒரு கல் சிக்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்து சிறுநீர் தடித்தால் அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகும். கல்லுக்கு மேலே தேங்கியதில் கிருமி சேர்ந்து சீழ் வைத்துவிட்டது. கிரியேட்டினின் என்பது தசைகள் வெளியேற்றும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்ட வேண்டும். என் இரத்தத்தில் அது ஏறியிருந்தது. பொட்டல மாத்திரைகளும் தம் பங்குக்குக் கெடுத்திருக்கலாம் என்றார்.

“வேலை நேரத்துல எத்தனை முறை சிறுநீர் கழிக்கப் போவீங்க?”

“எல்லாரையும் போலத்தான், சயாமா.”

நான் பொய் சொன்னேன்.  அவர் தாளில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

அன்றே முதுகு வழியாக ஒரு குழாயைச் சிறுநீரகத்துக்குள் செலுத்தினார்கள். மரத்துப்போக ஊசி போட்டதால் அழுத்தம் தெரிந்தது, வலி அதிகமில்லை. குழாயின் மறுமுனை ஒரு பையில் முடிந்தது. சயாமா என் அப்பாவிடம் ஒளிக்காமல் சொன்னார்:

“முதல்ல சீழ் வரும், இரத்தமும் கலந்து வரும். அது வடிஞ்சதும் தெளிவான சிறுநீர் வரணும். வந்தா வலது சிறுநீரகம் பிழைச்சிருக்கு. நாளாகியும் வரலேன்னா அதை எடுத்துட வேண்டியிருக்கும்.”

ஆக, எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கியது.

அப்பா போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணும் எழுத்தராக ஓய்வு பெற்றவர். குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து எழுத வேண்டும் என்று செவிலியர் ஒரு தாளை நீட்டியபோது, அவர் முகத்தில் மறுபடி வேலை கிடைத்தவரின் களை வந்தது. தாள் போதாதென்று கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ‘உள்வரவு’, ‘வெளியனுப்பல்’, ‘வலப்புறத் துறை’ என்று தலைப்பிட்டார். சூப், கஞ்சி, இளநீர் எல்லாம் உள்வரவு. வழக்கமான வழியில் போவது இடது சிறுநீரகத்தின் உழைப்பு; அது வெளியனுப்பல். முதுகுப் பைதான் வலப்புறத் துறை.

“வலப்புறத் துறையில சரக்கு இறங்கிருச்சா?” காலையில் முதல் கேள்வி அதுதான்.

“இறங்கலப்பா. குழம்பு மாதிரிதான் இருக்கு.”

“பரவால்ல. கப்பல் தாமதம். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அவருக்கு அப்போதெல்லாம் நெடுநேரம் பிடித்தது.

ரூத்துக்குத் தமிழ் புரியும்; வாயில் வருவது பர்மியம். நிறங்களைத் தாளில் எழுதச் சொன்னபோது அவள், “மஞ்சள், இளமஞ்சள்னா யாருக்குப் புரியும்?” என்று சொல்லி, தேநீர்க் கடை முறையில் பெயர் வைத்தாள். கெட்டியான பால் தேநீர் என்றால் சீழ். பால் விடாத கறுஞ்சாயம் என்றால் தண்ணீர் போதவில்லை. எந்தத் தேநீர்க் கடையிலும் மேசைமேல் குடுவையில் காசின்றி வைத்திருப்பார்களே, வெளிறிய வெறும் தேநீர், அந்த நிறம்தான் நாங்கள் வேண்டி நின்ற நிறம். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. காலையில் வார்டு முழுவதும் ஒருவரையொருவர், “உங்களுக்கு இன்னிக்கு என்ன தேநீர்?” என்று விசாரித்துச் சிரித்தது. தேநீர் கொண்டுவந்த ஒரு பார்வையாளர் மட்டும் குழம்பிப்போய்க் குடுவையை மூடிவிட்டார்.

சிரிப்பு இருந்தது, பயமும் இருந்தது. மூன்று நாளும் கெட்டிப் பால்தான் வந்தது. ஒரு சிறுநீரகம் இருந்தாலும் வாழலாம் என்று சயாமா சொல்லியிருந்தார். ஆனால் எடை தூக்கி, வெக்கையில் உட்கார்ந்து, மறுபடி அதே ஆலையில் வாழ முடியுமா என்பது என் கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. என் கணக்கை நம்பித் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு நான் என்ன சொல்வேன்?

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ராத்தாவும், டோ கின்னும், இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். கட்டிலடியில் இளநீர் குவிந்தது. ராத்தாவின் கையில் கட்டையின் நோட்டும், நிறநிறமான நூல்துண்டுகள் முடிந்த ஒரு கயிறும் இருந்தன.

“நீ இல்லாம எழுத ஆளில்ல. எனக்குத்தான் எழுத்து வராதே. ஆளுக்கொரு நிறம் வச்சுட்டேன், யாரு போனாலும் அவ நிற நூல்ல ஒரு முடிச்சு. பச்சை, மா டின். நீலம், மா நுவே. நீ ஏத்திக்கோ புள்ளே, ஒன் நோட்டு பாழாகப்படாது.”

அந்த முடிச்சுகளைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். அந்நேரம் பார்த்துச் சயாமா வந்தார். கயிற்றை வியப்புடன் பார்த்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். 

“நாப்பது பேர் இருக்காங்க. இதுல உங்க பேர் எங்கே?”

 அவர் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்த பெருக்கலைப் பார்த்தார்.

“ஸ்கேன் சொல்லாததை இந்த நோட்டு சொல்லுது,” என்றார் மெதுவாக. “இன்னொண்ணும் சொல்லுது. இந்தப் பொண்ணு நாள் முழுக்க ஒரு தடவைதான் போயிருக்கா. இவ ரெண்டு நாள் போகவே இல்ல. இவங்களும் உங்க வழியிலதான் வந்துட்டிருக்காங்க.”

பொய்யை அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. கட்டையும் கணக்கும் என் யோசனை என்றும், அதில் எனக்கு இடம் வைக்கவில்லை என்றும், மற்றவர்கள் முறையை விட்டுக்கொடுத்தபோது மெச்சினேனே தவிரத் தடுக்கவில்லை என்றும் எல்லோர் முன்பும் சொன்னேன். பங்கு சமமாக இருந்தால் நியாயம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பங்கிடப்பட்டது போதுமா என்று கேட்கவே இல்லை.

டோ கின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உன் கணக்கு எனக்கு வசதியா இருந்துச்சு. நான் திட்ட வேண்டியதில்ல. மேல ஆபீஸ்ல கேட்டா நோட்டைக் காட்டுவேன். நானும் பத்து வருஷம் மெஷின்ல உட்கார்ந்தவதான். என் இடுப்பு வலியை வயசுன்னு சொல்லிட்டிருக்கேன்.”

ராத்தா இடுப்பில் கைவைத்து, எல்லோருக்கும் புரியும்படி பர்மியத்திலேயே கேட்டார்.

“சரி, ஆளுக்காளு அழுது முடிச்சாச்சா? அழுதா கண்ணு வழியா தண்ணி போயிடும். அப்பறம் அப்பாவோட நோட்டுல அதை எந்தப் பக்கம் எழுதுறது?”

“வெளியனுப்பல்,” என்றார் அப்பா, தீவிரமான முகத்துடன்.

முதலில் சிரித்தது சயாமாதான். பிறகு வார்டே சிரித்தது. சிரித்தபோது என் முதுகில் குழாய் இழுத்தது. “ஐயோ” என்று பிடித்துக்கொண்டேன். குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க ரூத் குனிந்தாள். குனிந்தவள் எழவில்லை.

“மமா,” என்றாள். அக்காவை அவள் அப்படித்தான் அழைப்பாள். அதற்குப் பின் வந்தது, பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்ட முழுத் தமிழ் வாக்கியம்: “மமா, வெறும் டீ வருது!”

குழாயின் கண்ணாடி போன்ற உடலில், நீர்த்த பொன்னிறத்தில், ஒரு துளி நகர்ந்தது. அதன் பின்னே இன்னொன்று. சயாமா பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் உறுதியா சொல்வேன்,” என்று தொடங்கியவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “ஆனா நல்ல தேநீர்!” என்று முடித்தார். டோ கின் ரூத்தைக் கட்டிக்கொண்டார். அப்பா நோட்டைத் திறந்தார், எழுத முடியவில்லை. ராத்தா தம் நூல் கயிற்றை எடுத்து, யாருக்கும் வைக்காத மஞ்சள் நூலைப் பையிலிருந்து எடுத்து என் பெயருக்கென்று முடிந்தார். அந்தக் கயிற்றில் நாற்பத்தொன்றாவது நிறம் அது.

கிரியேட்டினின் நாளுக்கு நாள் இறங்கியது. சில வாரங்கள் கழித்து, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து எடுத்தார்கள். அதை ஒரு சிறு குப்பியில் கொடுத்தார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிது. இவ்வளவுதானா என்று அப்பாவுக்கு ஏமாற்றம். கிடங்கில் அவர் பார்த்த சரக்கெல்லாம் மூட்டைகள்.

ஓய்வு நாட்களில் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். சயாமா எழுதிக்கொடுத்த அறிவுரைக் குறிப்பை இணைத்தேன். முப்பத்தொன்பது பேர் கையெழுத்திட்டார்கள், எழுத்து வராத ராத்தா நூல் முடிச்சிட்டார். விளைவுகளைப் பலமுறை எடைபோட்டேன். வேலை போனால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதைக் வரிசைப் பெண்கள் கூடியபோது வெளிப்படையாகச் சொன்னேன். கடிதத்தை நிர்வாகத்திடம் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முன்வந்தவர் டோ கின். கட்டையை அடியோடு நீக்க நிர்வாகம் இசையவில்லை. ஒன்றுக்குப் பதில் நான்கு கட்டைகள், எத்தனை முறை என்ற வரம்பு இல்லை, நேரம் குறிக்கும் நோட்டு இல்லை, வரிசையின் தலைப்பிலேயே ஒரு தண்ணீர்ப் பீப்பாய். இவற்றைச் சோதனையாக ஒப்புக்கொண்டது. மாதம் முடிந்தபோது தைத்த உருப்படிகள் குறையவில்லை என்று டோ கின் மேலே போய்ச் சொன்னார். சோதனை என்ற சொல்லை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மின்விசிறி இன்னும் ஓடவில்லை. அடுத்த கடிதம் அதைப் பற்றி.

நான் திரும்பிய முதல் நாள், ஆள் எண்ணுவதற்காக டோ கின் வரிசையின் தலைப்பில் வந்து நின்றார். பெயரைக் கூப்பிட்டால் வழக்கமாக ‘இருக்கிறேன்’ என்பார்கள்.

“மா டின்!”

“வெறும் தேநீர்!”

“மா நுவே!”

“வெறும் தேநீர்!”

ஒன்றும் புரியாமல் பக்கத்திலிருந்தவளைக் கேட்டேன். இரண்டு வாரமாக இப்படித்தானாம், ரூத் சொல்லிக்கொடுத்ததாம்.

“ஃபாத்திமா ராத்தா!”

“கறுஞ்சாயம்,” என்றார் ராத்தா குற்றவுணர்வுடன். வரிசையே அவரைப் பீப்பாயை நோக்கித் துரத்தியது.

நாற்பதும் முடிந்தன. டோ கின் வருகை நோட்டை மூடவில்லை.

“மா எஸ்தர்!”

நான் எழுந்து நின்றேன். அன்று காலை, அப்பா அளந்து கொடுத்த இரண்டு குவளைத் தண்ணீருக்குப் பின் பார்த்த நிறத்தை நினைத்துக்கொண்டேன்.

“வெறும் தேநீர்,” என்றேன். பிறகு, யாரிடமும் கேட்காமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆணியிலிருந்து சிவப்புக் கயிற்றுக் கட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.